பெட்டி புதுசு, கண்ணாடி பழசு

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, பாகூர்ச் செப்பேட்டைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, நம் பாஷையில் சொன்னால் ஒரு காலேஜுக்கு, மூன்று கிராமங்களை எழுதிவைத்த சாசனம் அது. கல்லூரி மலருக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் ஏது? ஆனால் தற்போது படிக்கும் மாணவர்கள் சிலர் கேட்ட ஒரு கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"சார், நாங்களே சொந்தமா ஒரு டிஜிட்டல் சினிமா கேமரா கட்டப் போறோம். சென்சார் போர்டு பார்த்து வச்சிருக்கோம். லென்ஸ் எதைப் போடறது?"

சென்னையில் சில காலம் கேமரா உதவியாளனாகப் பெட்டி தூக்கியவன் என்ற தகுதியில்தான் என்னிடம் கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் 'ஏன்?' என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' நூறு வருஷத்துக் கதை. அதில் நம் வில்லியனூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே இதையே எழுதிவிடுகிறேன். செப்பேடு ஆயிரம் வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறது, அடுத்த மலர் வரைக்கும் காத்திருக்காதா என்ன!

சினிமா கேமரா என்பது இரண்டே இரண்டு சமாசாரம். ஒன்று பெட்டி, மற்றொன்று கண். பெட்டிக்குள் முன்பு பிலிம் ஓடியது, இப்போது சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பெட்டி பத்து வருஷத்தில் பழசாகிவிடும். கண் அப்படியல்ல. 1893-ல் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் மூன்றே மூன்று கண்ணாடியை வைத்துக் கண்டுபிடித்த குக் டிரிப்லெட் அமைப்பும், 1902-ல் ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனியில் பிறந்த டெஸ்ஸர் அமைப்பும் பிறகு எத்தனை தலைமுறை கேமராக்களுக்குக் கண்ணாக இருந்தன! தென்னிந்தியாவுக்குச் சினிமா வந்த கதையும் ஒரு பழைய பெட்டி கைமாறிய கதைதான். 1905-ல் திருச்சியில் ரயில்வே டிராப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவிகளை விலைக்கு வாங்கினார். பிறகு சென்னையில் நடராஜ முதலியார் ஒரு வில்லியம்சன் கேமராவை, அதுவும் இன்னொருவரிடமிருந்து, வாங்கி 'கீசக வதம்' எடுத்தார். நம்மவர்கள் தொடக்கத்திலிருந்தே செகண்ட் ஹேண்ட் பார்ட்டிகள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதுவைக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர் என்றால் ரொட்டியும், போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பியும்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் படித்தவர்கள் லூமியேர் சகோதரர்களைச் சொல்வார்கள். லென்ஸ் உலகத்தில் நாம் நன்றி சொல்ல வேண்டிய பிரெஞ்சுக்காரர்கள் வேறு இரண்டு பேர்.

முதலாமவர் ஆன்ரி கிரேத்தியன். வானநூல் பேராசிரியர். 1920-களில் ஹைப்பர்கோனார் என்று ஒரு லென்ஸ் செய்தார். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் நசுக்கிச் சாதாரண பிலிமில் பதிவு செய்யும்; தியேட்டரில் அதே மாதிரி லென்ஸ் மறுபடி விரித்துக் காட்டும். கால் நூற்றாண்டு அதை ஒருவரும் பெரிதாகச் சீந்தவில்லை. அமெரிக்காவில் டெலிவிஷன் வந்து தியேட்டர்கள் காலியாக ஆரம்பித்ததும், 1952-ல் ஃபாக்ஸ் கம்பெனி அவரைத் தேடி வந்து உரிமையை வாங்கியது. மறு வருஷம் 'தி ரோப்' வெளியானது, சினிமாஸ்கோப் பிறந்தது. தமிழுக்கு அது வந்து சேர இன்னும் 20 வருஷம் பிடித்தது. சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்' (1973) தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம்.

இரண்டாமவர் பியர் ஆன்ழெனியூ. நம் மாணவர்களுக்கு வேண்டியவர் இவர்தான். இவர் என்ன செய்தார் என்று புரிந்துகொள்ள, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பிசிக்ஸ் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், தொலைதூரக் காட்சி அதன் பின்னால் சுமார் 25 மில்லிமீட்டரில் பிம்பமாக விழும் என்று பொருள். வைட் ஆங்கிள் போகப் போக இந்த எண் குறையும். லென்ஸ் பிலிமோடு ஒட்டி உட்கார வேண்டிவரும். பழைய மிட்செல் கேமராவில் இது பிரச்சினை இல்லை. அதில் கேமராமேன் பார்ப்பதற்குத் தனி இடம், பிலிம் ஓடுவதற்குத் தனி இடம். பார்த்து முடித்ததும் பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்வார்கள். 1937-ல் வந்த ஆரிஃப்ளெக்ஸ் கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சுழன்றது. படம் ஓடும்போதே லென்ஸ் வழியாகப் பார்க்கலாம், பெரிய வசதி. ஆனால் கண்ணாடி சுழல இடம் வேண்டுமே! வைட் லென்ஸ் எங்கே உட்காரும்? 1950-ல் ஆன்ழெனியூ ரெட்ரோஃபோகஸ் என்ற லென்ஸைக் கொண்டுவந்தார். முன்னால் ஒரு பெரிய குழிவுக் கண்ணாடிக் கூட்டத்தைப் போட்டுப் பிம்பத்தை இன்னும் பின்னால் தள்ளிவிட்டார். அவ்வளவுதான், வைட் லென்ஸ் தள்ளி நின்றே வேலை செய்தது. இன்று எஸ்.எல்.ஆர். கேமராவுக்கென்று வந்த 24, 28 மில்லிமீட்டர் லென்ஸ் எதை எடுத்தாலும் இந்த வழிதான். இவரே செய்த 0.95 அப்பர்ச்சர் லென்ஸ் ஒன்று 1964-ல் ரேஞ்சர் 7 விண்கலத்தில் ஏறிச் சந்திரனைப் படம் பிடித்தது. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கெட்டிக்காரர்.

ஒவ்வொரு கேமராக் கம்பெனியும், லென்ஸ் பூட்டும் வாயிலிருந்து பிலிம் வரைக்கும் தனக்கென்று ஒரு தூரத்தை வைத்துக்கொண்டது. சினிமாவில் புழங்கும் பி.எல். மவுண்ட்டுக்கு 52 மில்லிமீட்டர். நிக்கான் ஸ்டில் கேமராவுக்கு 46.5. பழைய திருகு மவுண்ட்டான எம்-42-க்குச் சுமார் 45.5. கேனான் இ.எஃப்.-க்கு 44. 16 எம்.எம். கேமராக்களிலும் இப்போது தொழிற்சாலைக் கேமராக்களிலும் உள்ள சி-மவுண்ட்டுக்கு 17.5 தான். இதிலிருந்து ஒரு சட்டம் பிறக்கிறது. தூரம் அதிகமுள்ள லென்ஸை, தூரம் குறைந்த பெட்டியில் ஒரு வளையம் வைத்துப் பூட்டலாம். மாற்றிச் செய்ய முடியாது. செய்தால் கிட்டத்துப் பூ தெரியும், எதிர்வீடு தெரியாது.

இனி டிஜிட்டலுக்கு வருவோம். தமிழில் பி.சி. ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' (2004), கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) ஆகியவை டிஜிட்டலில் எடுக்கப்பட்ட ஆரம்பகாலப் படங்கள். ரெட் ஒன் கேமரா வந்த பிறகு காற்று மாறியது. பிலிம் அளவுக்கே பெரிய சென்சார், முன்னால் பி.எல். மவுண்ட். அதாவது, வாடகை நிலையத்து அலமாரியில் இருந்த பிலிம் காலத்து லென்ஸெல்லாம் அப்படியே பொருந்தும். 2009-ல் 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் இதில் எடுக்கப்பட்டன. 2011-க்குள் ஆரி, பானாவிஷன், பிரான்சின் ஆத்தோன் மூன்று கம்பெனிகளும் பிலிம் கேமரா செய்வதையே நிறுத்திவிட்டன. பெட்டிகள் ஷெட்டுக்குப் போயின; லென்ஸ்கள் போகவில்லை.

இதற்கு நடுவில் மும்பையில் நடந்ததை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008) படத்துக்கு அந்தோனி டாட் மேன்டல் சேரிச் சந்துகளில் ஓடி ஓடிப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. எஸ்.ஐ.-2கே என்ற சின்னஞ்சிறு கேமராத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவு செய்யும் லேப்டாப்பை முதுகுப்பையில் சுமந்தார்கள். லேப்டாப் சூடாகாமல் இருக்க உள்ளே டிரை ஐஸ் கட்டி! கிட்டத்தட்ட நம் பசங்கள் கட்ட நினைக்கிற அதே மாதிரி அமைப்பு. அதன் சென்சார் 16 எம்.எம். பிலிமைவிடச் சற்றுச் சிறியது. அந்த ஒளிப்பதிவுக்கு 2009-ல் ஆஸ்கர் கிடைத்தது.

இப்போது நம் ஊர். 2011 ஜனவரியில் ஆங் லீ 'லைஃப் ஆஃப் பை' படப்பிடிப்பைப் புதுச்சேரியில் தொடங்கினார். தெப்பத் திருவிழாக் காட்சிக்கு அவர் தேர்ந்தெடுத்தது வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் குளம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து தேர்வடம் பிடித்த அதே கோயில். குளத்துப் படியெல்லாம் விளக்கு, நம் ஜனங்களே கூட்டம். படத்தில் அது வந்து போவது கொஞ்ச நேரம்தான் என்றாலும், லென்ஸ் தேர்வு என்ற கோணத்தில் பார்த்தால் அந்தக் குளக்கரைக் காட்சி ஒரு பாடப்புத்தகம்.

அது 3டி படம். இரண்டு கண்ணுக்கு இரண்டு கேமரா வேண்டும். நம் கண்கள் இரண்டும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆரி அலெக்சா கேமராவோ அதைவிட அகலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி அதிகமாகிவிடும். 1984-ல் ஜிஜோ மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தபோது ஒரே பிலிமில் இரண்டு பிம்பத்தையும் பதிக்கும் தனி லென்ஸை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். ஆங் லீயின் ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டா பயன்படுத்தியது ஃப்யூஷன் என்ற சட்டகம். ஒரு கேமரா நேராகப் பார்க்கும். மற்றொன்று செங்குத்தாக நிற்கும். நடுவில் 45 டிகிரியில் பாதி ஒளியைக் கடத்திப் பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடி. கடையில் கிடைக்கும் கேமராவை வைத்துத் தனக்கென்று கட்டிய கருவிதான் அதுவும்.

இதில் லென்ஸ் எப்படி இருக்க வேண்டும்? முதலாவது, ஜோடிப் பொருத்தம். இரண்டு 32 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் இரண்டும் நிறத்திலும், உருப்பெருக்கத்திலும், ஃபோகஸ் நகரும் விதத்திலும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவருக்குத் தலைவலி. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைவிட இது கஷ்டம். இரண்டாவது, வெளிச்சம். நடுவில் நிற்கும் கண்ணாடி பாதி ஒளியைத் தின்றுவிடும், அதாவது ஒரு ஸ்டாப் போய்விடும். அந்தக் காட்சியோ விளக்கொளிக் காட்சி. ஆகவே அப்பர்ச்சர் பெரிதாக உள்ள, முழுக்கத் திறந்தாலும் பிம்பம் கலங்காத லென்ஸ்தான் இப்படிப்பட்ட இடத்துக்குச் சரிப்படும். 2013-ல் மிராண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆங் லீக்கும் கிடைத்தது. வில்லியனூர்க் குளத்தை உலகமே பார்த்தது.

எனக்கு அதில் பெருமைதான். கூடவே ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. நம் குளத்தை, நம் விளக்கை, ஒரு தைவான்காரரின் கண் வழியாக உலகம் பார்த்தது. அவர் நன்றாகத்தான் காட்டினார், குறை சொல்லவில்லை. ஆனால் பாகூர் வாய்க்காலில் காலை ஆறு மணிக்கு எப்படி வெயில் விழும் என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. அது தெரிந்த பிள்ளைகள் கையில் ஒரு கேமரா வரப் போகிறது என்பதால்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

கேமராவைத் தானே கட்டுவது இன்று பைத்தியக்காரத்தனம் இல்லை. ஐரோப்பாவில் அப்பெர்ட்டஸ் என்ற குழு 2006-லிருந்து இதே வேலையாக இருந்து, 2014-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஆக்சியம் என்ற கேமராவை உருவாக்கியது. வரைபடம், சாஃப்ட்வேர் எல்லாம் திறந்த புத்தகம். அதன் சென்சார் 22.5 மில்லிமீட்டர் அகலம். நம் பசங்கள் பார்த்துவைத்திருப்பது அதில் பாதிகூட வராது. சுமார் 10 மில்லிமீட்டர், முன்னால் சி-மவுண்ட்.

இந்த அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வில்லியனூர்த் தேரைப் பத்து மீட்டர் தள்ளி நின்று 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்டில் கேமராவில் 7.2 மீட்டர் அகலக் காட்சி கிடைக்கும்: தேரும், பக்கத்தில் நிற்கும் ஜனமும். ஆக்சியத்தில் நாலரை மீட்டர். நம் பசங்கள் பெட்டியில் இரண்டே மீட்டர்: சக்கரமும், முட்டுக்கட்டை போடுகிறவர் முதுகும். இதைக் கணக்குப் போட கம்ப்யூட்டர் வேண்டாம். சென்சார் அகலத்தை லென்ஸ் எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் போதும். முழுத் தேர் வேண்டுமானால் 12 அல்லது 16 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். ஸ்டில் கேமரா உலகத்தில் அது யானை விலை. 16 எம்.எம். சினிமா உலகத்திலும் தொழிற்சாலைக் கேமரா உலகத்திலும் அது சர்வசாதாரணம், சின்ன விலை.

எனவே என் தீர்ப்பு இது. வைட் லென்ஸுக்குச் சி-மவுண்ட்டிலேயே 12 அல்லது 16 ஒன்று. அந்த லென்ஸ் வீசும் பிம்ப வட்டம் சென்சாரின் மூலைவிட்டத்தைவிடப் பெரிதா என்று விசாரித்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மூலையும் கறுத்து, கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பது போல் இருக்கும். மற்றதெல்லாம் பழைய நிக்கான் மேனுவல் லென்ஸ்: 28, 50, 105. இவை 36 மில்லிமீட்டர் அகலத்துக்காகச் செய்யப்பட்டவை. நாம் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் மூலைக் குறைகள் தெரியாது. அப்பர்ச்சர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வளையம் இல்லாத புது லென்ஸ்களையும், கேமரா மின்சாரம் கொடுத்தால்தான் அப்பர்ச்சர் அசையும் லென்ஸ்களையும் நம் பெட்டியால் இயக்க முடியாது. ஜூம் இப்போது வேண்டாம். ஸ்டில் கேமரா ஜூம்களில் பல, ஜூம் செய்ததும் ஃபோகஸை விட்டுவிடும்; படம் ஓடும்போது அது கோவிந்தா.

நிக்கானைச் சி-மவுண்ட்டில் பூட்ட 46.5-லிருந்து 17.5 போக 29 மில்லிமீட்டர் வளையம் வேண்டும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைக்காரர் அரைமணி நேரத்தில் கடைந்து கொடுப்பார். ஆனால் 'ஏறக்குறைய 29' என்று சொல்லிவிடாதீர்கள். சென்சார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பின்னால் போனாலும், 50 மில்லிமீட்டர் லென்ஸின் முடிவிலிக் கோடு 25 மீட்டருக்கு வந்துவிடும். 25 மில்லிமீட்டர் லென்ஸில் அதுவே 6 மீட்டர். 12 மில்லிமீட்டர் லென்ஸில் ஒன்றரை மீட்டர்கூட இல்லை! வைட் லென்ஸ்தான் ஃபோகஸில் தாராளம் என்று நினைத்திருப்பீர்கள். பெட்டிக்குள் அதுதான் கறார் பேர்வழி. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் கண்ணாடி போடுவீர்கள் அல்லவா, அதுவும் தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு பிம்பத்தைப் பின்னால் தள்ளும். மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் ஒரு மில்லிமீட்டர். அதையும் கணக்கில் சேர்த்து, மெல்லிய பித்தளைத் தகடுகளை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ஃபோகஸ் புல்லர்கள் கேமரா வந்த அன்று முதலில் செய்யும் வேலை இதுதான்.

அகல்விளக்குக் காட்சிக்கு 50 மில்லிமீட்டர் 1.4 போதும். முழுக்கத் திறந்தால் சற்று மிருதுவாக, விளக்கைச் சுற்றி ஒளிவட்டத்தோடு விழும். ஒன்றரை ஸ்டாப் மூடினால் கத்தி மாதிரி இருக்கும். எது வேண்டும் என்பது எடுப்பவர் மனசு. ஊசுட்டேரிப் பறவைக்குப் பெரிய டெலி லென்ஸ் வாங்க வேண்டாம். 10 மில்லிமீட்டர் சென்சாரில் 105 லென்ஸ், ஸ்டில் கேமராவில் 370-க்கும் மேற்பட்ட லென்ஸ் கொடுக்கும் அளவுக்குக் காட்சியை இழுத்துவிடும். சின்ன சென்சாருக்குக் கிடைக்கும் இனாம் அது. கீழூர் நினைவு மண்டபம், 1954 அக்டோபர் 18-ல் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த இடம், அதற்கு 28 லென்ஸைப் போட்டு நிதானமாகத் தூரத்திலிருந்து எடுங்கள். அவசர வைட் ஷாட்டில் தூண்களெல்லாம் சாய்ந்துபோகும்.

பழைய லென்ஸுக்குச் சென்னைக்கு ஓடுமுன் நம் வீடுகளையே ஒரு முறை பாருங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தா தாத்தா வீட்டுப் பரணில் கேமரா ஏதாவது கிடந்தால், முன்னாள் மாணவர்களே, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் கடற்காற்றுக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் விலையைப் பாதியாகக் குறைக்கலாம். கண்ணாடி மேலேயே அரித்த தடம் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நல்லதாக வாங்கியதை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பையை மாதம் ஒரு முறை வறுத்துக் காயவைத்து மறுபடி போட வேண்டும்.